கிளியின் கால் புண்ணும் தீவனக் கிண்ணமும்

சென்ற இதழில் கிளிகளின் இறகு உதிர்வு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, இறகை விட்டுவிட்டுக் காலைப் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வீட்டு ஆப்பிரிக்கன் கிரே கிளிக்குப் பதினொரு வயது. உள்ளங்கால் இரண்டும் சிவந்து பளபளவென்று இருக்கின்றன. புண் எதுவும் இல்லை. மாமியார் மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவுகிறார். சாப்பாடு எப்போதும் சூரியகாந்தி விதைதான். காலையில் எங்களோடு கொஞ்சம் ரொட்டி. எடை 560 கிராம். பயப்பட வேண்டுமா?
வாசகி, சாட்ஸ்வர்த்

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி எண்ணெயை நிறுத்துங்கள். எண்ணெய் காலோடு நிற்பதில்லை. கிளி அலகால் கோதக் கோத நெஞ்சு இறகு முழுக்கப் படிந்துவிடும். எண்ணெய் ஏறிய இறகால் உடற்சூட்டைக் காக்க முடியாது. காய்ந்த மஞ்சள் பற்று எச்சத்தையும் அழுக்கையும் தோலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். மனிதர்களுக்கான களிம்புகளும் வேண்டாம். துத்தநாகம் கலந்த வெள்ளைக் களிம்பைக் கிளி நக்கினால் நஞ்சு. மரத்துப்போகச் செய்யும் களிம்பும் ஸ்டீராய்டு களிம்பும் அதைவிட ஆபத்து.

பயம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. அந்தப் பளபளப்புதான் பம்பிள்ஃபுட் என்ற கால் புண்ணின் முதல் கட்டம். நல்ல உள்ளங்காலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னஞ்சிறு மொட்டுகள் நெருக்கமாக அடுக்கியதுபோல் சொரசொரப்பாகத் தெரியும். அந்த மொட்டுகள் தேய்ந்து தோல் வழுவழுப்பாவது முதல் கட்டம். அடுத்து தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். பிறகு பொருக்கின் அடியில் கிருமி புகுந்து வீங்கும். கடைசியில் தசைநாணுக்கும் எலும்புக்கும் போகும். முதல் கட்டத்தில் உள்ள கிளியை வீட்டிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

உங்கள் கிளிக்கு இது வந்த வழி கடிதத்திலேயே இருக்கிறது. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல் எட்டு மடங்கு. வைட்டமின் ஏ குறைந்தால் தோலும் உள்வாய்ச் சவ்வும் ஈரத்தை இழந்து தடித்து, செதில் செதிலாக உதிரும். உள்ளங்கால் நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கும் இடம் என்பதால் அங்கே முதலில் விட்டுப்போகிறது. அதே குறையால்தான் சில கிளிகள் ஓயாமல் தும்முகின்றன, மூக்குத் துளை அடைத்துக்கொள்கிறது, வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் வருகின்றன. உங்கள் கிளிக்கும் அவை இருந்தால் காலும் தும்மலும் ஒரே குறையிலிருந்து வந்திருக்கலாம்.

இன்னொரு பக்கம் எடை. கிரே பெரும்பாலும் 400 முதல் 500 கிராமுக்குள் இருக்கும். 560 என்பது பெரிய உடல்வாகாகவும் இருக்கலாம், கொழுப்பாகவும் இருக்கலாம். நெஞ்சின் நடுவே விரலை வையுங்கள். நெஞ்செலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். விளிம்பு தெரியாமல் இரண்டு பக்கமும் சதை மேடிட்டு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் கொழுப்புதான்.

இன்று செய்யவேண்டியவை: அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் நாலரை கிராம் உப்பு, அதாவது தட்டையாக முக்கால் தேக்கரண்டி கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது காலை மாலை ஐந்து நிமிடம் உள்ளங்காலை நனையவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கிளி தூங்கும் கட்டையின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் வெட்ராப் துணியைச் சுற்றி, அழுக்கானதும் மாற்றுங்கள். அதைக் கடித்து விழுங்கும் கிளி என்றால் துணி வேண்டாம். வாரம் ஒருமுறை, கிளி கூண்டுக் கம்பியில் ஏறும்போது வெளியிலிருந்து உள்ளங்காலைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மொட்டுகள் திரும்ப வருகின்றனவா என்பது நினைவில் நிற்காது, படத்தில் நிற்கும். தோல் தேற ஓரிரு மாதம் பிடிக்கும். மீதி எல்லாம் தீவனம். அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள்.

விதையை நிறுத்திப் பெல்லட் என்ற அழுத்திய தீவனக் குருணை வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை. பசித்தால் தானே தின்னும் என்கிறார் அண்ணன். தின்னுமா?
வாசகர், ஃபீனிக்ஸ்

தின்னாமலே செத்தும் போகும். விதையையே பார்த்து வளர்ந்த கிளிக்குப் பெல்லட் உணவு என்றே தெரியாது. முன்னால் வைத்த மரக்கட்டை போலத்தான். உடனே விதையைத் திரும்ப வையுங்கள்.

மாற்றத்தைத் தராசிலிருந்து தொடங்குங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் காலையில், முதல் எச்சம் போட்டபின், தீவனம் வைக்குமுன் நிறுத்து எழுதுங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எவ்வளவு விதை தின்கிறது என்று மட்டும் கணக்கெடுங்கள். 40 கிராம் வைத்தால், மறுநாள் மிஞ்சியதன் தோலை ஊதித் தள்ளிவிட்டு நிறுத்துப் பாருங்கள். தோலை ஊதாமல் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரியும், உள்ளே வெறும் உமி.

இரண்டாம் வாரத்திலிருந்து விதை நாள் முழுக்கக் கிடைக்கக் கூடாது. காலை அரை மணி, மாலை அரை மணி. இடையில் பெல்லட்டும் காய்கறி மசியலும். தொடக்கத்தில் மசியலின்மேல் கொஞ்சம் விதையைத் தூவி அழுத்திவிடுங்கள். விதையை எடுக்கப் போகும் அலகில் பூசணி ஒட்டும், நாக்கு ருசி பார்க்கும். உணவு வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கிளி கூட்டமாக வாழும் பறவை. நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து காரட்டைக் கடித்து ரசித்துத் தின்றால், அதற்கும் வேண்டும் என்று கழுத்தை நீட்டும். இந்த நாடகத்தை ஒரு வாரம் நடத்தத் தயாராக இருங்கள். பிறகு வாரத்துக்கு வாரம் விதையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

நிறுத்தவேண்டிய எல்லை: தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு. 450 கிராம் கிரே 405-க்கு வந்தாலோ, 90 கிராம் காக்டெயில் கிளி 81-க்கு வந்தாலோ பழைய அளவு விதைக்குத் திரும்பி, ஒரு வாரம் கழித்து மீண்டும் மெதுவாகத் தொடங்குங்கள். எச்சம் கொஞ்சமாகி, கரும்பச்சையாக ஒட்டினால் வயிறு காலி என்று பொருள். தராசுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். கொழுத்த கிளிக்கும் இதே வேகம்தான், பட்டினி போட்டு எடை குறைக்காதீர்கள். திறந்த புண்ணோ காய்ச்சல் சோர்வோ உள்ள கிளியிடம் இந்த மாற்றத்தைத் தொடங்கவே கூடாது, முதலில் மருத்துவர்.

இரண்டு மூன்று மாதத்தில் கிரே, அமேசான் போன்ற பெரிய கிளிகளின் தட்டில் பாதிக்குமேல் பெல்லட், கால் பங்குக்கு மேல் காய்கறியும் கீரையும், மீதி கொஞ்சம் விதை, கொட்டை என்று வந்துவிட வேண்டும். கிரேக்குப் பெல்லட் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம். சின்னக் கிளிகளான காக்டெயிலும் பட்ஜியும் இயல்பிலேயே விதை தின்னும் பறவைகள். அவற்றுக்கு விதையை அறவே நிறுத்தத் தேவையில்லை. சூரியகாந்தியைக் குறைத்துத் தினை வகைகளைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

நான் தினமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஆப்பிளும் வெள்ளரியும் கொடுக்கிறேன். காய்கறிக்குக் குறையே இல்லை. ஆனாலும் ரிங்நெக் கிளியின் காலில் செதில் உரிகிறது.
வாசகி, டோங்காட்

கிழங்கை வெட்டிப் பார்த்தீர்களா, உள்ளே என்ன நிறம்? நம் தென்னாப்பிரிக்கச் சந்தைகளில் அதிகம் கிடைப்பது வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் சதையுள்ள கிழங்கு. வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் அதில் அனேகமாக இல்லை. ஆரஞ்சுச் சதையுள்ள கிழங்கில்தான் உண்டு. அதில் 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். ஆப்பிளும் வெள்ளரியும் பெரும்பாலும் தண்ணீர். வெள்ளை மீலியும், அதாவது மக்காச்சோளமும், இதே கதைதான். மஞ்சள் மீலியில் கொஞ்சம் உண்டு, அதை நம்பி உட்கார முடியாது. காய்கறி கொடுக்கிறோம் என்ற நிம்மதி உங்களுக்குக் கிடைத்தது, கரோட்டின் கிளிக்குக் கிடைக்கவில்லை.

அடர்ந்த ஆரஞ்சு, அடர்ந்த சிவப்பு, அடர்ந்த பச்சை: வாங்கும்போது இதை நினைவில் வைத்தால் போதும். பட்டர்நட் பூசணி, காரட், சிவப்புக் குடைமிளகாய், பிராக்கொலி, கேல், முருங்கைக்கீரை. டர்பனில் பல வீட்டுக் கொல்லைகளில் முருங்கை நிற்கிறது, வார்விக் காலைச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கீரை கிடைக்கிறது. இதைவிட்டு ஏன் ஆப்பிளுக்குச் செலவு செய்கிறோமோ! கடையில் ஸ்பினாச் என்று விற்பது பெரும்பாலும் ஸ்விஸ் சார்ட். அதில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாம் ரெட் ஹெர்ப்ஸ் என்று வாங்கும் செங்கீரையிலும் அது உண்டு. இரண்டையும் வாரம் ஓரிரு நாளோடு நிறுத்துங்கள். முருங்கையை அடிக்கடி கொடுக்கலாம்.

மாதம் ஒருமுறை செய்து வைத்துக்கொள்ள ஓர் அளவு சொல்கிறோம். பட்டர்நட் 300 கிராம், ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளி 150, காரட் 100, சிவப்புக் குடைமிளகாய் 100, முருங்கைக்கீரை 100, வேகவைத்த பச்சைப்பயறும் பழுப்பரிசியும் சேர்த்து 150. கிழங்கையும் பட்டர்நட்டையும் காரட்டையும் ஆவியில் விரல் அழுந்தும் பதத்துக்கு மட்டும் வேகவையுங்கள். லேசாக வெந்தால் கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும். உப்பு இல்லை, தாளிப்பு இல்லை, வெங்காயம் பூண்டு கிட்டேயே வரக்கூடாது. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிசைந்து 30 கிராம் உருண்டைகளாக உறையவையுங்கள். 900 கிராமுக்கு முப்பது உருண்டை. கிரேக்கு நாளைக்கு ஒன்று, ரிங்நெக்குக்குப் பாதி, காக்டெயிலுக்குக் கால். முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, வெந்நீரில் வைத்த கிண்ணத்தில் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் கொதித்திருக்கும், கிளியின் வாய் வெந்துவிடும். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் மசியலை இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விடாதீர்கள், புளித்துவிடும். மின்வெட்டில் உருகிய உருண்டையை மறுபடி உறையவைக்கவும் வேண்டாம்.

கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மசியலோடு நாலைந்து விதை கொடுத்தால் அதுவே போதும். காட்டில் ஆப்பிரிக்கன் கிரே விரும்பித் தின்னும் உணவுகளில் ஒன்று எண்ணெய்ப் பனையின் சிவந்த பழம், கரோட்டின் நிறைந்தது. அதனால் சிலர் சிவப்புப் பனை எண்ணெயைச் சொட்டு விடுகிறார்கள். தவறில்லை, கிரேக்கு வாரம் இருமுறை கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். கடையில் பொரிக்க வாங்கும் வெளுத்த பாம் எண்ணெயில் அந்தக் கரோட்டின் எல்லாம் சுத்திகரிப்பிலேயே போய்விட்டது.

அவகாடோ மட்டும் எந்த வடிவிலும் கூடாது. பழம், இலை, கொட்டை எல்லாமே கிளிக்கு நஞ்சு.

காலின் நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். கட்டி பழுத்ததுபோல் இருந்ததால் அழுத்திப் பார்த்தேன், சீழ் வரவில்லை. கால் ஆணிக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டலாமா?
வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

கூடவே கூடாது. கால் ஆணி பிளாஸ்டரில் உள்ள அமிலம் தோலைத் தின்னும். சீழ் வராததற்குக் காரணம் உண்டு. பறவைகளின் சீழ் நம்முடையதுபோல் இளகி ஓடாது. அதை இளக்கும் பொருள் அவற்றின் வெள்ளணுக்களில் இல்லை. பனீர்போலக் கெட்டியாகி உள்ளேயே உட்கார்ந்துவிடும். அழுத்தினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகுமே தவிர வெளியே வராது. பொருக்கையும் பிய்க்காதீர்கள், இப்போதைக்கு அதுதான் மூடி.

இது தீவனத்தால் மட்டும் ஆறுகிற கட்டம் இல்லை. பறவை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார். சீழை அறுத்து எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பரிசோதனைக்கு அனுப்புவார். ஸ்டாஃபிலோகாக்கஸ் அடிக்கடி வருவது, ஆனால் அது மட்டும் இல்லை. அதனால்தான் வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலப்பது வீண். மருந்து கசந்தால் கிளி குடிப்பதைக் குறைக்கும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நமக்கான வலி மாத்திரையும் தரக்கூடாது. பஞ்சை வளையமாகச் சுற்றி, புண் கட்டையில் படாதபடி கட்டுப் போடுவார்கள்; அது நனையாமல் பார்ப்பதும் சொன்ன நாளில் மாற்றுவதும் உங்கள் பொறுப்பு.

போகும்போது புண் இல்லாத மற்றக் காலையும் காட்டுங்கள். ஒரு கால் வலித்தால் முழு எடையும் மற்றக் காலுக்குப் போகும், இரண்டு மூன்று வாரத்தில் அதுவும் சிவக்கும். கிளி என்ன தின்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிரியாணிச் சோறும் சில்லி பைட்ஸும் என்றால் அதையும்தான்.

வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்தால் இவ்வளவு பாடு வேண்டாமே? வீட்டில் மீன் ஈரல் எண்ணெய் இருக்கிறது.
வாசகர், லெனேசியா

வேண்டாம். வைட்டமின் ஏ கல்லீரலில் சேரும், மிஞ்சினால் நஞ்சு. மீன் ஈரல் எண்ணெயில் ஏ-யும் டி-யும் நமக்கான அளவில் இருக்கின்றன, 90 கிராம் பறவைக்கு ஒரு சொட்டே மிகை. காக்டெயில்கள் குறையைவிட மிகையில்தான் எளிதில் கெடும். பெல்லட்டில் ஏற்கனவே வைட்டமின் சேர்த்திருப்பதால் பெல்லட்டோடு சொட்டு மருந்து என்பது இரட்டை அளவு. காய்கறியில் உள்ள கரோட்டினை உடல் தேவைக்குத் தக்கபடியே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். குறை மிகக் கடுமையாக இருந்தால் மருத்துவர் எடை பார்த்து ஊசி போடுவார். தண்ணீரில் கலக்கும் பொடி வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழக்கும், கிண்ணத்தில் பாசியும் பிடிக்கும்.

மணல் காகிதம் சுற்றிய கட்டை நகத்துக்கு நல்லது என்று விற்றார்கள். கொல்லையில் கொய்யா மரம் இருக்கிறது. எதைப் போடுவது?
வாசகி, வெருலம்

கொய்யா. மணல் காகிதம் நகத்தைத் தேய்ப்பதில்லை, உள்ளங்காலைத்தான் தேய்க்கிறது. வைட்டமின் குறைந்து நலிந்த தோலில் அது சிராய்ப்பாகிக் கிருமிக்கு வாசல் திறக்கும். கடையில் கூண்டோடு வரும் ஒரே பருமனான வழவழப்புக் குச்சியும் சரியில்லை, எந்நேரமும் ஒரே புள்ளியில் எடை விழும். கிளையின் அழகே அதன் ஒழுங்கின்மைதான்.

விரல் கட்டையை முக்கால் பங்கு சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் நகங்கள் தொட்டுக்கொண்டால் கட்டை மெலிது. பட்ஜிக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர், காக்டெயிலுக்கு ஒன்றரை முதல் இரண்டரை, கிரேக்கு இரண்டரை முதல் நாலு. மூன்று பருமனில் மூன்று கிளையாவது போடுங்கள். நகம் தேய்க்கும் சிமென்ட் கட்டை ஒன்று வேண்டுமானால் தீவனக் கிண்ணத்தருகே இருக்கட்டும். உச்சியில் வைத்தால் கிளி அதிலேயே தூங்கும், பன்னிரண்டு மணி நேரம் சிமென்டில் நிற்கும்.

மருந்து அடிக்காத மரமாக இருக்கட்டும். கரும்புத் தோட்ட ஓரத்தில் நிற்பவற்றை விட்டுவிடுங்கள். கிளையைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ஜிக் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். பாட்டில்பிரஷ் கிளையும் நல்லது. அரளி, அவகாடோ ஆகாது. வேம்பு என்று நினைத்துச் சிலர் ஒடிக்கும் சிரிங்கா மரமும் ஆகாது. இலை பார்வைக்கு வேம்பின் சாயலில் இருக்கும், அதன் மஞ்சள் காய் நஞ்சு. கடற்கரை ஊர்களின் ஈரத்தில் கிளைகளில் பூஞ்சை பிடிக்கும். எச்சம் படிந்ததை வாரம் ஒருமுறை தேய்த்து, கறுத்ததை யோசிக்காமல் மாற்றுங்கள்.

பட்ஜியின் விரல் மூட்டுகளில் வெள்ளையாகச் சின்னச் சின்ன முத்துகள். இதுவும் அதே புண்ணா? குத்தி எடுக்கலாமா?
வாசகர், ஸ்டாங்கர்

ஊசியை எடுத்து வையுங்கள். உள்ளங்காலில் இல்லாமல் மூட்டில், தோலுக்கடியில் வெள்ளை முத்தாகத் தெரிவது பெரும்பாலும் கவுட். சிறுநீரகம் பழுதாகி யூரிக் அமிலம் மூட்டில் படிவது. குத்தினால் இரத்தம் நிற்காது, வலியும் கடுமை. மருத்துவரே பார்க்க வேண்டும். தண்ணீர் எப்போதும் தாராளமாக இருக்கட்டும், முட்டை போன்ற புரத உணவை அவர் சொல்லும்வரை நிறுத்துங்கள். நிற்க வலிக்கும் என்பதால் அகலமான தட்டைப் பலகை ஒன்றைக் கூண்டில் தாழ்வாக வையுங்கள்.

முத்தாக இல்லாமல் காலிலும் அலகோரத்திலும் தேன்கூடுபோல் துளைத்துளையாக வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது செதில் பூச்சி. ஐவர்மெக்டின் மருந்தில் போகும், ஆனால் 35 கிராம் பறவைக்கான அளவை மருத்துவர்தான் நிறுத்துத் தர வேண்டும். கூட இருக்கும் பட்ஜிகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.